சாக்ஸபோனுக்கு வைத்த சந்தனம்

எனக்கு எழுபத்து நான்கு வயது. வளர்த்தது ஐந்து பேர். நான்கு என் வயிற்றில் பிறந்தவை, ஐந்தாவது பேத்தி. ஐந்தில் ஒன்றுகூட அடுத்த வீட்டு வாசலில் போய் நின்று ஒரு கை சர்க்கரை கேட்டதில்லை. இதை முதலில் எழுதிவிடுகிறேன். பின்னால் எழுதப்போவது எனக்கு அவ்வளவு பெருமை தருகிற சங்கதி இல்லை.

ரப்பர் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வரைக்கும்தான் படித்தேன். எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். ஒரு பக்கம் எழுத ஒரு காலைப் பொழுது ஆகும். ஆகட்டும். சோறு வடித்தாயிற்று, துணி காய்கிறது, எனக்கென்ன அவசரம்? இந்த வீட்டில் அவசரப்படுகிறவர் வேறு ஒருவர் இருக்கிறார். அவரைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

என் மருமகன் ஒல்லாந்துக்காரர். சாக்ஸபோன் வாசிப்பவர். ஜாஸ் என்று ஒரு சங்கீதம். முதலில் அது எனக்குச் சங்கீதமாகவே படவில்லை. யாரோ யாரையோ தேடிக்கொண்டு வீடு வீடாகக் கதவைத் தட்டுவது மாதிரி இருக்கும். ஒரு வீட்டிலும் நின்று தண்ணீர் குடிக்காது.

அவரும் அப்படித்தான். இருபத்திரண்டு வயதில் அந்தக் குழலைத் தோளில் மாட்டிக்கொண்டு ஊரை விட்டுக் கிளம்பியவர். பாங்காக், ஜாகர்த்தா, சிங்கப்பூர் என்று ஹோட்டல் ஹோட்டலாக வாசித்திருக்கிறார். ஒரு ஊரிலும் இரண்டு வருஷம் தாங்கியதில்லையாம். மலாக்காவுக்கு வந்தது மூன்று மாத ஒப்பந்தத்தில். அந்த ஹோட்டலின் வரவேற்பு மேசையில் என் மூன்றாவது மகள் வேலை பார்த்தாள். அவளுக்கு முப்பத்து மூன்று வயது. நான் ஜாதகத்தை எடுத்துக்கொண்டு அலைவதை நிறுத்தி இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

ஒரு நாள் வந்து சொன்னாள். "அம்மா, ஒருத்தர கட்டிக்கலாம்னு இருக்கேன். மட்சாலே. மியூசிக் வாசிக்கிறாரு. பத்து வயசு பெரியவரு."

"வெள்ளைக்காரனா? வேற என்ன வேல பாக்குறாரு?" என்று கேட்டேன்.

"அதான் வேல."

"சரி, பகல்ல?"

துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டாள்.

நான் பெம்பான் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள். இருபத்தெட்டு வருஷம் பால்மரம் சீவியவள். விடியும் முன் மரத்தடியில் நிற்பதும் கத்தியைப் பிடிப்பதும்தான் எனக்குத் தெரிந்த வேலை. என் புருஷன் தோட்டத்து லாரி ஓட்டினார், லாரி ஓட்டிக்கொண்டே செத்தும் போனார். ரப்பரை அழித்துச் செம்பனை போட்டு, எங்கள் லயத்து வீட்டு வரிசையையும் இடித்த பிறகுதான் டவுன் பக்கம் புக்கிட் பெருவாங்குக்கு வந்தோம். இந்த வீடு மகள் வாங்கியது. அப்படிப்பட்ட எனக்கு, ஊதிப் பிழைக்கிற ஒரு மாப்பிள்ளை.

கல்யாணத்தன்று முகூர்த்தம் நெருங்குகிறது, மணவறையில் மாப்பிள்ளையைக் காணோம். பட்டு வேட்டியோடு மேளக்காரர்களுக்கு நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார். நாதஸ்வரக்காரர் வாயில் வைத்து ஊதும் சீவாளியை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். ஐயர் கத்துகிறார். என் அண்ணன் போய்க் கையைப் பிடித்து இழுத்து வந்தார்.

"தாலி கட்டற நேரத்துல மாப்பிள்ளய மேளக்காரங்ககிட்டேருந்து மீட்டுட்டு வர்ற குடும்பம் மலேசியாவுலயே நம்ம குடும்பந்தான்" என்றார் அண்ணன். மண்டபமே சிரித்தது. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. பெண்ணைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இந்த மனுஷனுக்கு வேறு எங்கேயோ போகிறதே கண் என்று அன்றைக்கே நினைத்துக்கொண்டேன்.

எங்கள் வீட்டுப் பழக்கம் ஒன்று சொல்ல வேண்டும். மாமியார் மருமகன் எதிரே உட்காரமாட்டாள், முகம் பார்த்துப் பேசவும் மாட்டாள். சொல்ல வேண்டியதைச் சுவரைப் பார்த்தோ பிள்ளையைப் பார்த்தோ சொல்வோம். அவர் கூடத்துக்கு வந்தால் நான் அடுப்படிக்குப் போய்விடுவேன். அது மரியாதை. அவர் அதை எப்படி எடுத்துக்கொண்டார் என்று எனக்கு ரொம்ப நாள் தெரியாது. இந்த அம்மாவுக்கு என்னைக் கண்டாலே ஆகவில்லை, நான் வாசிக்க எடுத்தால் எழுந்து போய்விடுகிறார் என்று மகளிடம் வருத்தப்பட்டிருக்கிறார். அவளும் எத்தனையோ சொல்லிப் பார்த்திருக்கிறாள். அவர் மனசில் ஏறவில்லை.

பக்கத்து வீட்டு அக்காவுக்கு என் வீட்டுச் சங்கதி என்றால் வெல்லம். வேலி மேல் கையை ஊன்றிக்கொண்டு கேட்பாள். "ஏன்டி, அந்தக் காலத்துல ஒல்லாந்துக்காரன் வந்து மலாக்கா கோட்டையப் பிடிச்சான், செவப்புக் கட்டடமெல்லாம் கட்டினான். இப்ப அதெல்லாம் வேணாம்னு நேரா உன் வீட்டப் பிடிச்சிட்டான் போல?"

"பிடிச்சவனாவது ஒரு எடத்துல இருந்தானே" என்றேன் நான். வாய் தவறி வந்துவிட்டது.

இருக்கத்தான் மாட்டார். சாப்பிட உட்கார்ந்தால் கால் மேசைக்கடியில் தாளம் போடும், ரசக் கிண்ணத்தில் அலை அடிக்கும். காலையில் நடந்து ஆயர் குரோ ஏரிவரை போய்விட்டு உச்சி வெயிலில் வேர்த்து வழிய வருவார். மூன்று மாதம் பினாங்கில், இரண்டு மாதம் லங்காவியில், பிறகு பாங்காக்கில். வருவார், நாலு வாரம் இருப்பார், ஐந்தாவது வாரம் பெட்டியைக் கட்டிலுக்கு மேலே எடுத்து வைத்துத் தூசி தட்டுவார். அந்தச் சத்தம் அடுப்படியில் இருக்கிற எனக்கு நன்றாகக் கேட்கும்.

பிள்ளை பிறந்தபோது ஊரில் இல்லை. பதினோராம் நாள்தான் வந்து சேர்ந்தார். ஆனால் வந்த பிறகு அவர் பிள்ளையைப் பார்த்துக்கொண்ட மாதிரி நான் பெற்ற நாலையும் என் புருஷன் பார்த்ததில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். குளிப்பாட்டுவார், அழுக்குத் துணி அலசுவார். தோளில் போட்டுக்கொண்டு கூடத்துக்கும் வாசல் கேட்டுக்குமாக நடப்பார், வாய் மூடி ஏதோ முனகிக்கொண்டே. பிள்ளை தூங்கின பிறகும் நடை நிற்காது. ஞாயிற்றுக்கிழமை மோட்டார் சைக்கிளில் முன்னால் உட்கார வைத்துக்கொண்டு உம்பாய்க்குப் போய் மீன் வாங்கி வருவார். எதை விட்டு எதை வாங்குவது என்று தெரியாமல் மூன்று வீட்டுக்குக் காணும் மீன். பிறகு ஒரு நாள் கிளம்பிவிடுவார்.

பேத்திக்கு இரண்டு வயது நடக்கும்போது, "அம்மா எங்க?" என்றால் அம்மாவைக் காட்டுவாள். "பாட்டி எங்க?" என்றால் என்னைக் காட்டுவாள். "அப்பா எங்க?" என்றால் மேசை மேலிருக்கும் கைத்தொலைபேசியைக் காட்டுவாள். வந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். ஒரு தரம் அவர் வீட்டிலேயே, அவள் கண் முன்னாலேயே உட்கார்ந்திருந்தபோது யாரோ கேட்டார்கள். அப்போதும் அவள் போய்த் தொலைபேசியைத்தான் எடுத்தாள். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. என் மகள் எழுந்து குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டாள்.

பிள்ளைக்கு மூன்று முடிந்ததும் அந்தக் கப்பல் வேலை வந்தது. சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் சுற்றுலாக் கப்பல், எட்டு மாதம் கடலிலேயே இருக்க வேண்டும். மகள் என்னிடம் சொன்னாள். "அம்மா, இந்த வாட்டி போனாருன்னா அப்படியே போவட்டும். திரும்பி வந்து அவ கிட்ட 'நான்தான் அப்பா'ன்னு சொல்லிக்கிட்டு நிக்க வேணாம். நான் சொல்லிட்டேன் அவருகிட்ட."

"என்ன சொன்னாரு?"

"செருப்ப மாட்டினாரு. வெளிய நடக்கப் போயிட்டாரு."

கப்பல் கச்சேரிக்குத் தலைவர் ஒருவர் இருந்தாராம். நாலு பாட்டு வாசித்துப் படம் பிடித்து அனுப்பு, பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றாராம். அவர் வைத்த கடைசி நாள் எங்கள் ஆயுத பூஜை அன்றைக்கு விழுந்தது. மாலை ஆறு மணிக்குள் போய்ச் சேர வேண்டும். காலையில் பசியாறும்போது புருஷனும் பொண்டாட்டியும் அதைப் பற்றித்தான் இங்கிலீஷில் பேசிக்கொண்டார்கள். எனக்கு இங்கிலீஷ் வராது. ஆனால் 'சிக்ஸ் ஓ கிளாக்' தெரியும்.

ஆயுத பூஜையில் நாங்கள் குறை வைக்கமாட்டோம். தோட்டத்தில் இருந்த காலத்திலேயே என் பால்வெட்டுக் கத்தியைத் தேய்த்துப் பளபளவென்று வைப்பேன், லாரிக்கு மாலை போடுவோம். அன்றைக்கும் சாமி மேடைக்கு முன்னால் கோலம் போட்டு எல்லாம் எடுத்து வைத்தேன். பழைய கத்தி, மகளின் கணினி, பூஜைக்கு வந்திருந்த என் மகனின் கார் சாவி, என் அரிவாள்மணை, பேத்தியின் படம் போட்ட புத்தகம். அவர் குளித்துக்கொண்டிருந்தார். அறைக் கதவு திறந்திருந்தது. கட்டில் மேல் அந்தக் குழல் கிடந்தது.

எடுத்து வந்தேன். ஈரத்துணியால் துடைத்தேன். பன்னீரில் குழைத்த சந்தனத்தைக் குழலின் வாயில் வைத்தேன், கழுத்தில் வைத்தேன். லாரிக்கு என்றால் நாலு சக்கரத்துக்கும் வைப்போம், ஒன்றை விட்டால் அது கோபித்துக்கொள்ளும் என்று என் புருஷன் சொல்வார். இதில் சின்னதும் பெரிதுமாக இருபதுக்கும் மேலே மூடிகள். எதை விடுவது? எல்லாவற்றுக்கும் வைத்தேன், மேலே குங்குமம் இட்டேன், கத்திக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்துச் சூடம் காட்டினேன்.

மகள்தான் முதலில் பார்த்தாள். "ஐயோ அம்மா! என்னம்மா செஞ்சி வெச்சிருக்கீங்க!"

அவர் துண்டோடு வந்து நின்றார். மகள் இங்கிலீஷில் ஏதேதோ சொன்னாள். பூஜைக்கு வைத்த சாமானை மறுநாள் காலை மறுபூஜை முடியும் வரை யாரும் தொடக்கூடாது என்பதையும் சொல்லியிருப்பாள், அவள் குரல் அங்கே தாழ்ந்தது. அவர் என்னைப் பார்த்தார். நான் பேத்தியைப் பார்த்தேன்.

"கண்ணு, உங்கப்பாகிட்ட சொல்லு. அது அவரு தொழில் சாமான். தொழில் சாமான்னா இன்னிக்கிக் கும்பிட்டு ஓய்வு குடுக்கணும். கத்திக்கு ஒரு நியாயம், குழலுக்கு ஒரு நியாயம் கெடயாதுன்னு சொல்லு."

மகள் அதை எடுத்துச் சொன்னாள். அவர் கத்துவார் என்று காத்திருந்தேன். கத்தவில்லை. சாமி மேடைக்கு முன்னால் அப்படியே தரையில் உட்கார்ந்தார். பிறகு மகளிடம் மெல்ல ஏதோ சொன்னார். அவள் அதை எனக்குச் சாயங்காலம்தான் சொன்னாள். அவருடைய அப்பா டிராம் ஓட்டியவராம். சாகிற வரைக்கும் மகனுக்கு எழுதிய கடிதத்திலெல்லாம் கடைசி வரி ஒரே வரிதானாம்: வேலை ஏதாவது கிடைத்ததா? இதைத் தொழில் என்று அவர் குடும்பத்தில் சொன்ன முதல் ஆள் நான்தானாம்.

ஆறு மணிக்கு அவர் வாசலில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குழல் சாமிக்கு முன்னால் இருந்தது.

மறுநாள் எடுத்து ஊதினார். மேல் சத்தம் வந்தது, கீழ்ச் சத்தம் வரவில்லை. ஒவ்வொரு மூடிக்கு அடியிலும் மெல்லிய தோல் வட்டு இருக்குமாம். சந்தனம் இறங்கிக் காய்ந்து, தோல் உப்பி ஒட்டிக்கொண்டதாம். கோலாலம்பூரில் ஒருவரிடம் கொடுத்துச் சரிசெய்யப் பத்து நாள் ஆயிற்று. அதற்குள் கப்பலுக்கு வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள்.

அவர் போகவில்லை. அதற்குப் பிறகு எங்கேயும் போகவில்லை. ஊரில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார், சீனர் கல்யாண விருந்துகளில் வாசிக்கிறார், சனி ஞாயிறு ஹோட்டலில் வாசிக்கிறார். தமிழ் பேசக் கற்றுக்கொண்டார், படிக்கத்தான் வராது. பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விட்டார், கூட்டி வந்தார். பல்லு விழுந்தபோது இருந்தார், அம்மை போட்டபோது இருந்தார், அவள் வயசுக்கு வந்து தண்ணீர் ஊற்றும்போது முறைமாமனைவிட அதிகமாகத் தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினார். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமையாகச் சொல்வார்: "எங்க அத்தை என் தொழிலுக்குப் பூஜை போட்டாங்க. அதனாலதான் நான் இங்க இருக்கேன்." ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அவரே குழலைக் கொண்டுவந்து என் முன்னால் வைப்பார்.

எல்லோருக்கும் தெரிந்த கதை இவ்வளவுதான். தெரியாததை இப்போது எழுதுகிறேன்.

அன்றைக்குச் சந்தனம் தண்ணீராகக் குழைந்துவிட்டது. மூன்றாவது மூடிக்கு வைக்கும்போதே அது ஒழுகி அடியில் இறங்குவதைப் பார்த்தேன். எனக்குத் தோல் வட்டு தெரியாது. ஆனால் ஒரு சாமானுக்குள் ஈரம் இறங்கினால் கெடும் என்பது இருபத்தெட்டு வருஷம் கத்தி பிடித்தவளுக்குத் தெரியாதா? துடைக்கிற துணி கையிலேயே இருந்தது. துடைக்கவில்லை. குளியலறையில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. ஆறு மணி என்று நினைத்துக்கொண்டேன். மிச்சம் இருந்த மூடிகளுக்கு இன்னும் கொஞ்சம் தண்ணீராகவே வைத்தேன்.

கும்பிடத்தான் எடுத்தேன், அது சத்தியம். மூன்றாவது மூடிக்குப் பிறகு செய்தது கும்பிடு இல்லை.

மகள் ஒரு தரம் கேட்டாள், "தெரிஞ்சுதான் செஞ்சீங்களா?" என்று. "சாமி முன்னால வெச்சு இப்படிக் கேக்கறியே" என்று கோபித்துக்கொண்டேன். அவள் மறுபடி கேட்கவில்லை.

பதினோரு வருஷமாக அவர் என்னைப் புகழும்போதெல்லாம் நான் எழுந்து அடுப்படிக்குப் போயிருக்கிறேன். அதை அவர் மரியாதை என்று இப்போது புரிந்துகொண்டிருக்கிறார்.

அவர் இங்கே நிம்மதியாக இருந்தாரா என்றால், எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பேத்தி ஒரு நாள் சொன்னாள், பள்ளி விட்டு வரும் வழியில் அப்பாவும் அவளும் பஸ் நிலையத்தில் உட்கார்ந்து ஐஸ் கச்சாங் சாப்பிடுவார்களாம். "எந்த பஸ்சு எத்தன மணிக்கு எங்க போவுதுன்னு அப்பாவுக்கு எல்லாம் மனப்பாடம் பாட்டி. ஆனா ஒண்ணுலயும் ஏறமாட்டாரு." அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். அன்றைக்கு என் பங்குச் சோற்றில் தண்ணீர் ஊற்றி மூடி வைத்துவிட்டேன்.

போன வாரம் மறுபடி ஒரு கப்பல் வேலை வந்திருக்கிறது. நாலு மாதம். அவருக்கு ஐம்பத்தெட்டு வயது, இதை விட்டால் இனிமேல் கூப்பிடமாட்டார்கள். மகள் இந்தத் தடவை தடுக்கவில்லை, பிள்ளை வளர்ந்துவிட்டாள் என்கிறாள். அவர்தான் அடுப்படி வாசலில் வந்து நின்றார். அங்கே வந்தால் நான் எங்கே எழுந்து போவது?

"அத்தை, நான் போகவா? நீங்க சொல்லுங்க. போகச் சொன்னா போறேன். இருன்னா இருக்கேன்."

நான் அலமாரியைப் பார்த்துக்கொண்டு, "யோசிச்சுச் சொல்றேன்" என்றேன். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டுமாம். உலையில் இரண்டு தரம் அரிசி போட்டேன். சந்தைக்குப் போனேன், ஒன்றும் வாங்காமல் திரும்பினேன். பக்கத்து வீட்டு அக்கா வேலியில் நின்று, "என்னடி, உன் மருமவன் வியாதி உனக்கும் தொத்திக்கிச்சா? கேட்டுக்கும் ஊட்டுக்குமா நடக்கற?" என்கிறாள்.

போ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, இரு என்று சொல்லவும் வரவில்லை. ஒரு தரம் அவரைக் கேட்காமல் அவருக்காக நான் முடிவு செய்தாயிற்று. இரண்டாவது தரம் கேட்டுவிட்டுச் செய்தாலும் அது திருட்டுத்தான். அவர் இதைத் தெரிந்துகொண்டு தானாக முடிவு பண்ணட்டும். முகம் பார்த்துச் சொல்ல எனக்குப் பழக்கம் இல்லை. அதனால்தான் ஆறு நாளாக எழுத்துக் கூட்டிக்கொண்டிருக்கிறேன்.

இன்றைக்கு வியாழக்கிழமை. பேத்தி பள்ளிக்கூடத்திலிருந்து வந்துவிட்டாள். அவர் கூடத்தில் மேசை முன்னால் உட்கார்ந்து குழலின் சீவாளியைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார்.

"என்ன பாட்டி, எழுதி முடிச்சிட்டீங்களா? தப்பு இருந்தா நான் திருத்தவா?"

"திருத்தாத. எழுத்துல தப்பு இருந்தா இருந்துட்டுப் போவுது. இப்படியே எடுத்துட்டுப் போயி உங்கப்பா எதிர்ல உக்காந்து சத்தமா படி. அவருக்குப் புரியாத சொல்லு வந்தா நிறுத்திச் சொல்லிக் குடு. சந்தனம் வைக்கிற எடத்துல வேகமா ஓடிடாத. நான் அடுப்படிக்கு எழுந்து போவல, இங்க நாற்காலியிலயே உக்காந்திருக்கேன். ம், ஆரம்பி."